பலூன் போன வழி

சதீஷ் பார்க்கும் வேலையைப் பற்றி ஆரணியில் அவன் தெருவில் யாருக்கும் நல்ல அபிப்பிராயம் கிடையாது. புனேவுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கம்பெனி. மூன்று சக்கர ஆட்டோவை ஹைட்ரஜனில் ஓட்ட முடியுமா என்று அங்கே பார்த்துக்கொண்டிருந்தார்கள். டிப்ளமா முடித்த கையோடு அங்கே போன சதீஷ், குழாய் இணைப்புகளில் கசிவு இருக்கிறதா என்று சோதிக்கும் ஆளாக இருந்தான். இதை அவன் தன் அம்மா அபிதகுசாம்பாளுக்கு ஒரு தடவை போனில் விளக்கினான். அம்மா பக்கத்து வீட்டு அருணகிரியிடம் சொன்னாள். அருணகிரி தினமும் டீக்கடையில் பேப்பரை விளம்பரம் வரைக்கும் விடாமல் படிக்கிறவர். “ஹைட்ரஜனா? அது குண்டு ஆச்சே!” என்றார். அன்றிலிருந்து சதீஷ் குண்டு கம்பெனிக்காரன் ஆனான்.

ஊர் என்ன சொன்னாலும் அவன் சிரித்துவிட்டுப் போயிருப்பான். ஆனால் காவ்யா விஷயம் நடுவில் இருந்தது.

காவ்யா, அவனுடைய அக்கா திலகவதியின் நாத்தனார். அக்காவைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்குப் போகும்போதெல்லாம் ராட்டைக்கு முன்னால் உட்கார்ந்து, கையில் பட்டு நூல் ஓட ஓட, இவனைக் கேலி பேசுகிறவள். கேலிக்குள் என்ன இருக்கிறது என்று இரண்டு பேருக்கும் தெரியும். அப்பா இல்லாத பெண் அவள். அண்ணன், அதாவது திலகவதியின் புருஷன் ஜெயக்குமார் சரி என்று சொன்னால்தான் எதுவும் நடக்கும். ஜெயக்குமாரோ பாசக்காரன். பாசக்காரன் என்பதாலேயே பயந்தவன். தங்கையை ஆபத்தில் இருக்கிறவனுக்குக் கொடுக்க அவனுக்கு மனசு வரவில்லை.

ஆவணி மாதம் சதீஷ் லீவில் வந்தபோது, அதைப் பேசி முடித்துவிடலாம் என்று அம்மாவையும் கூட்டிக்கொண்டு அதே தெருவில் இருந்த அக்கா வீட்டுக்குப் போனான்.

“வா மச்சான். குண்டோட வந்தியா, இல்ல அங்கியே வெச்சிட்டு வந்தியா?” என்றான் ஜெயக்குமார்.

“இன்னா மாமா, நீங்களுமா?”

“நான் இன்னா பண்றது? ஊரே சொல்லிகினு கீது. நாளைக்கு நாலு பேரு மாப்ள இன்னா பண்றாருன்னு கேட்டா, குண்டு மேல குந்திகினு கீறாருன்னு சொல்லட்டுமா?”

“நானும் அதத்தான் மாப்ள சொல்றேங்க,” என்றாள் அபிதகுசாம்பாள். “இங்கியே ஒரு வேலைய பாத்துகினு கிடடான்னா காதுல வாங்குறானா?”

“அம்மா, நீ ஒரு பக்கம் ஆரம்பிக்காத. மாமா, நாம குடிக்கிற தண்ணியிலியும் அதான் கீது.”

உள்ளே ராட்டை நின்றது. “அப்போ இவரு தண்ணி குடிச்சா கொஞ்சம் தள்ளி நிக்கணும்,” என்று காவ்யாவின் குரல் வந்தது. திலகவதி புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

சதீஷுக்கு முகம் சூடாகிவிட்டது. இரு, காட்டுகிறேன் என்று எழுந்து கோட்டை மைதானத்துக்கு நடந்தான். அங்கே சாயங்காலத்தில் ஒரு பலூன்காரர் சிலிண்டரோடு நிற்பார். அவரிடம் நீலத்தில் ஒரு கேஸ் பலூன் வாங்கி, நூலை விரலில் சுற்றிக்கொண்டு, வழியில் போகிறவர்கள் எல்லாம் பார்க்கப் பார்க்க அக்கா வீட்டுக்கு வந்தான்.

“இதுல கீறதும் ஹைட்ரஜன்தான் மாமா. வாங்க.”

எல்லோரையும் வீட்டின் பின்பக்கம் இருந்த தறிக்கூடத்துக்கு அழைத்துப் போனான். ஒற்றைத் தறி போட்ட கூடம் அது. நெய்கிறவள் திலகவதி. காலை விட்டுக்கொண்டு மிதிகட்டையை மிதிக்க, தரையில் இடுப்பளவுக்குத் தோண்டிய குழி. காற்று அடித்தால் பட்டு நூல் காய்ந்து அறுந்துபோகும் என்று ஜன்னல்களை எப்போதும் சாத்தியே வைத்திருப்பார்கள். மேலே சீமை ஓடு.

சதீஷ் பலூனை விட்டான். அது யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் விறுவிறுவென்று ஏறி, கூரை முகட்டில் போய் ஒட்டிக்கொண்டது.

“பாத்தீங்களா? தரையில நிக்கவே நிக்காது. ஒலகத்துலியே லேசான காத்து இது. எங்கியாவது கசிஞ்சா ஒடனே மேல ஏறிப் போயிடும். மேல வழி இருந்தா போதும், ஆபத்தே இல்ல. எங்க கம்பெனி ஷெட்டுலகூட முகடு தொறந்துதான் இருக்கும்.”

“வழி இல்லன்னா?” என்றான் ஜெயக்குமார்.

“வழி பண்ணிக்கணும்.”

ஜெயக்குமார் ஏணியைக் கொண்டுவந்து சாய்த்து, மேலே ஏறி, முகட்டுக்கு அருகில் ஓர் ஓட்டைத் தள்ளினான். சதுரமாக வானம் தெரிந்தது. பலூன் இரண்டு தடவை தயங்கி, ஓட்டின் விளிம்பில் உரசி, சட்டென்று வெளியே நழுவிப் போய்விட்டது. எல்லோரும் வாசலுக்கு ஓடிப் பார்த்தார்கள். அருணகிரியும் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தார். நீலப் புள்ளி கோயில் கோபுரத்தின் பக்கம் சாய்ந்து, பிறகு காணாமலே போயிற்று.

“அட, இவ்ளோதானா!” என்றான் ஜெயக்குமார். அவன் முகத்தில் ஒரு சின்னப் பிள்ளையின் சந்தோஷம். “இத்த சொல்றதுக்கு இன்னா மச்சான் இத்தினி நாளு? நானும் இன்னாமோ ஏதோன்னு பயந்துகினு கீறேன்.”

சதீஷ் சொல்லாமல் விட்டதும் கொஞ்சம் இருந்தது. மேலே போகும் என்பது உண்மை. அது முழுசும் இல்லை. ஆனால் காவ்யா கதவோரம் நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெயித்துக்கொண்டிருக்கிற நேரத்தில் தன் பக்கத்துக் குறையை யார் எடுத்துச் சொல்வார்கள்?

அன்று இரவுச் சாப்பாட்டின்போதே ஜெயக்குமார் மாமியாரிடம் சொல்லிவிட்டான். “எனக்கு சம்மதம்ங்க அத்த. தை பொறந்ததும் நிச்சயம் வெச்சிக்கலாம்.”

லீவு முடிந்து கிளம்புகிற காலையில் சதீஷ் விடைபெற அக்கா வீட்டுக்குப் போனான். ஜெயக்குமாரைக் காணவில்லை. “பின்னால கீறாரு,” என்றாள் திலகவதி, அடுப்படியில் அவனுக்குப் புளிசோறு கட்டிக்கொண்டே.

ஜெயக்குமாருக்கு ஒரு வேன் இருந்தது. சேலைகளைக் காஞ்சிபுரத்துக்குக் கொண்டுபோவான். முகூர்த்த நாட்களில் கல்யாண வீட்டுக்காரர்களை ஏற்றுவான். பெட்ரோல் கட்டுப்படி ஆகவில்லை என்று, அந்தத் தெருவில் வண்டி வைத்திருந்த மற்றவர்களைப் போலவே அவனும் சமையல் கேஸுக்கு மாறியிருந்தான். இது சதீஷுக்குத் தெரியும். எங்கே வைத்து நிரப்புகிறான் என்பதுதான் தெரியாது.

தறிக்கூடத்துக் கதவைத் தள்ளியபோது தெரிந்தது. தறிக்கு நாலடி தள்ளி ஒரு முக்காலி. அதன்மேல் சமையல் சிலிண்டர் தலைகீழாகக் கவிழ்ந்திருந்தது. அதிலிருந்து ஒரு ரப்பர் குழாய், பின்பக்க ஜன்னல் இடுக்கு வழியாக, சந்தில் நிற்கும் வேனுக்குப் போயிற்று. தெருவில் வைத்து நிரப்பினால் ஆபீசர் யாராவது பார்த்துவிடுவார் என்று இந்த ஏற்பாடு. குழாய் சிலிண்டரோடு சேருகிற இடத்தில் சைக்கிள் டியூபைக் கிழித்துச் சுற்றியிருந்தது. மெல்லிய சீறல். கூடம் முழுக்கக் கேஸ் நாற்றம்.

ஜெயக்குமார் மேலே கையைக் காட்டினான். பலூன் போன இடத்தில் ஓடு திரும்பப் போடப்படவில்லை. பக்கத்தில் இன்னொரு ஓட்டையும் எடுத்திருந்தான். மழைக்கு ஒரு தகரத்தைத் தூக்கிச் சாய்த்திருந்தான்.

“எப்டி கீது? முன்னல்லாம் ரொப்பும்போது நாத்தத்துல ஒரே பேஜாரா இருக்கும், பயமாவும் இருக்கும். நீ சொன்னப்புறம் நிம்மதி. குண்டு காத்துக்கே ஒரு ஓடு போதும்னா, இந்த சோத்துக் காத்துக்கு ரெண்டு ஓடு தாராளம் இல்ல?”

சதீஷ் தறியின் பக்கம் திரும்பினான். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. தண்ணீரைப் போலத் தாழ்வான இடத்தைத் தேடிப் போகும். அந்தக் கூடத்தில் தாழ்வான இடம் ஒன்றே ஒன்றுதான். அவனுடைய அக்கா காலை விட்டுக்கொண்டு நாளெல்லாம் உட்காருகிற குழி.

“மாமா, அது வேற… இது வேற மாதிரி…”

“எது வேற?”

சொல்லியிருக்கலாம். ஒரு நிமிஷத்துப் பேச்சு. ஆனால் எப்படி ஆரம்பிப்பது? பெண் கேட்டு வந்தவன், சரி என்று வாய் நிறையச் சொன்ன மாமனைப் பார்த்து, நீ செய்வது மடத்தனம் என்று எந்த முகத்தோடு சொல்வது? அதுவும் இத்தனை பெருமையாகக் காட்டும்போது? அது மட்டுமில்லை. ஒரு காற்று ஆபத்து என்று வாயைத் திறந்தால் பேச்சு அங்கேயே நிற்காது. அப்போ உன் காற்றில் என்ன ஆபத்து என்று திரும்பும். வென்று வைத்திருந்த சம்மதம் ஆட்டம் காணும். இவ்வளவும் அவன் மனசில் ஓடி முடிவதற்குள் வேனில் இருந்து ஏதோ சத்தம் வர, ஜெயக்குமார் சந்துப் பக்கம் போய்விட்டான். “ஜல்தி கெளம்பு மச்சான், பஸ்ஸ வுட்டுடாத!” என்று வெளியிலிருந்து கத்தினான்.

வாசலில் திலகவதி சோற்றுப் பொட்டலத்தை அவன் பையில் வைத்தாள். அவன் படியிறங்கினான், நின்றான், திரும்பினான்.

“இன்னாடா?”

“ஒண்ணுமில்லக்கா.”

“எதையாவது மறந்துட்டியா?”

“இல்ல. வரேன்.”

புனேவுக்குப் போய்ச் சேர்ந்ததும் போனில் சொல்லிவிடலாம் என்று பஸ்ஸில் தீர்மானம் செய்துகொண்டான். முகம் பார்க்காமல் சொல்வது சுலபம் என்று நினைத்தான். அவன் வேலை செய்த ஷெட்டில் கசிவைக் கண்டுபிடிக்க ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரையைத் தடவிக் குனிந்து பார்ப்பார்கள். ஒரு குமிழி வந்தாலும் வண்டியை நகர்த்த மாட்டார்கள். ஒவ்வொரு குமிழியிலும் அவனுக்கு அந்தச் சைக்கிள் டியூப் ஞாபகம் வந்தது. அன்றன்று சாயங்காலம் போன் செய்வான். அம்மாவின் மூட்டு வலியைக் கேட்பான். ஆரணியில் மழையா என்று கேட்பான். அக்கா பேசுவாள், காவ்யா வாங்கி இரண்டு வார்த்தை பேசுவாள், அதற்கப்புறம் வேறு எதையும் பேச மனசு வராது. ஒரே ஒரு தடவை வாய்விட்டான்.

“மாமா, அந்த சிலிண்டர்… வெளிய வெச்சி ரொப்பினா இன்னும் நல்லது.”

“வெளிய வெச்சா போலீஸு கீலீஸு வந்துடும் மச்சான். இப்ப இன்னா கொற? நாத்தம்கூட தெரில. எல்லாம் ஒன் ஓடு செஞ்ச வேல!”

“சரிங்க மாமா,” என்றான் சதீஷ். சொல்லியாயிற்று என்று தன்னைத் தானே சமாதானம் செய்துகொண்டான். சொல்லவில்லை என்பது அவனுக்குத் தெரியும்.

ஆயுத பூஜைக்கு ஆரணியில் தறிகளெல்லாம் ஓய்ந்துவிடும். ஊடு நூலைக் கொண்டு ஓடும் நாடாவுக்கும் அச்சுக்கும் சந்தனம் வைத்து, தறிக்கட்டையில் சாமந்திச் சரம் சுற்றுவார்கள். ஜெயக்குமார் வீட்டில் இன்னொரு வழக்கமும் உண்டு. வருஷம் முழுக்கக் கால் படுகிற இடம் என்பதால், அன்றைக்குக் குழிக்குள் ஓர் அகல் விளக்கை ஏற்றி வைத்துக் கும்பிடுவார்கள். நெய்கிறவள்தான் வைக்க வேண்டும்.

அன்று காலையில் ஜெயக்குமார் வேனை நிரப்பிவிட்டு, பூஜைக்காகச் சந்தில் நிறுத்திக் கழுவிக்கொண்டிருந்தான். சிலிண்டரைத் துணி போட்டு மூலையில் வைத்தாயிற்று. கூடத்தில் சாம்பிராணி போடப் போகிறார்கள் என்பதால், மிச்சமிருந்த நாற்றத்தை யாரும் பொருட்படுத்தவில்லை. நிரப்பினால் கொஞ்ச நேரம் அப்படித்தான் இருக்கும், மேலே போய்விடும் என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் பாடமாகியிருந்தது. திலகவதி தலைக்குக் குளித்து, புதுப்புடவை கட்டி, எப்போதும் நெய்ய உட்காருகிறது போலக் குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தாள். விளக்கை ஏற்றி, இரண்டு கையாலும் பிடித்துக் கீழே இறக்கினாள்.

சத்தம்கூடப் பெரிதாக இல்லையாம். ஒரு பெரிய துணியை உதறினால் வருகிற சத்தம். அவ்வளவுதான் என்று அம்மா போனில் அழுதுகொண்டே சொன்னாள்.

சதீஷ் ரயிலும் பஸ்ஸுமாக மாறி வேலூர் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது திலகவதிக்கு மயக்கம் தெளிந்திருந்தது. கால்களுக்கு மேல் கம்பியை வளைத்து, துணி படாமல் கூடாரம் போல மூடியிருந்தார்கள். இரண்டு கையிலும் கட்டு. உயிருக்குப் பயமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். நடப்பாள். ஆனால் கணுக்காலும் விரலும் பழையபடி மடங்குமா என்பதை இப்போது சொல்ல முடியாதாம். மிதிகட்டையை மிதிப்பதைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

அவளை இழுத்துத் தூக்கியதில் ஜெயக்குமாருக்கும் முழங்கை வரைக்கும் கட்டு. சதீஷைக் கண்டதும் அந்தக் கையோடே கட்டிக்கொண்டு தேம்பினான்.

“மச்சான், நீ மட்டும் அந்த ஓட்ட எடுக்க சொல்லலன்னா இவ இன்னிக்கு இல்லடா. மேல வழி இருந்ததால தப்பிச்சா. டாக்டராண்டகூட சொன்னேன். பாக்குறவங்க எல்லாராண்டயும் சொல்லிகினு கீறேன், என் மச்சான்தான் காப்பாத்தினான்னு.”

காவ்யா சதீஷின் பக்கத்தில் நின்றிருந்தாள். அழுது வீங்கிய கண்ணால் அவனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் நன்றி இருந்தது. அதைத் தாங்கமுடியாமல் அவன் தரையைப் பார்த்தான்.

“இவ எழுந்து உக்காரட்டும். தையில சொன்னது சொன்னதுதான்,” என்றான் ஜெயக்குமார்.

மறுநாள் அக்காவுக்கு மாற்றுத்துணி எடுத்துவரச் சதீஷை ஆரணிக்கு அனுப்பினார்கள். தெருமுனையில் திரும்பியவன் அப்படியே நின்றுவிட்டான். அருணகிரி வீட்டுத் தறிக்கூடத்துக் கூரையில் இரண்டு ஓடுகள் இல்லை. அதன்மேல் தகரம் சாய்த்திருந்தது. எதிர்வீட்டுக் கூரையிலும் அப்படியே. அதற்குத் தள்ளி இன்னொரு வீட்டில் ஒருவர் ஏணியில் நின்று அப்போதுதான் ஓட்டை உருவிக்கொண்டிருந்தார்.

“வா தம்பி, வா,” என்று அருணகிரி கையைப் பிடித்துக்கொண்டார். “குண்டு கிண்டுன்னு பேசினதுக்கு மனசுல வெச்சிக்காத. ஒன்னால ஒரு உசுரு பொழச்சிது. ஜெயக்குமாரு சொன்னாரு. அதான் நாங்களும் எடுத்துட்டோம். இனிமே பயமில்லாம உள்ளியே வெச்சி வண்டிக்கு ரொப்பலாம்.”

உள்ளேயிருந்து தறிச் சத்தம் கேட்டது. சதீஷ் எட்டிப் பார்த்தான். அருணகிரியின் மருமகள் குழிக்குள் காலை விட்டு நெய்துகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் சுவரோரம் சிலிண்டர் நின்றது.

“அண்ணா, மொதல்ல அவங்கள எழுந்து வெளிய வரச் சொல்லுங்க.”

“ஏன்? இன்னா ஆச்சி?”

“சொல்லுங்கண்ணா!”

மருமகள் பதறி எழுந்து வந்தாள். சதீஷ் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு தெருவில் கொண்டுபோய் வைத்தான். சத்தம் கேட்டு நாலைந்து பேர் கூடிவிட்டார்கள்.

“மேல போறது ஹைட்ரஜன். இது மேல போவாது. இது கனமான காத்து, கீழதான் எறங்கும். குழியில போய் தண்ணி மாதிரி தேங்கி நிக்கும். கூரைல பத்து ஓடு எடுத்தாலும் ஒண்ணும் ஆவாது. அக்காவ ஓடு எடுத்தது காப்பாத்தல. அக்கா தப்பிச்சது அக்காவோட நல்ல நேரம்.”

“இன்னா தம்பி நீ, மாத்தி மாத்தி பேசுற? பலூன் மேல போனத நாங்க எல்லாரும் கண்ணால பாத்தமே,” என்றார் அருணகிரி.

“அது வேற காத்துண்ணா.”

“அப்போ இது கீழ போறத காட்டு.”

காட்டுவதற்கு அவனிடம் பலூன் இல்லை. இருந்தது ஒன்றுதான். அக்கா வீட்டுச் சாவியை எடுத்துத் தறிக்கூடத்தைத் திறந்தான். ஜெயக்குமார் பூஜைக்காக விட்டத்தில் கட்டியிருந்த வண்ணக் காகிதத் தோரணம் நெருப்புப் படாமல், நிறம் மங்காமல் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. தறியில் பாதி நெய்த சேலை சுருண்டு கருகிக் கிடந்தது. குழியின் மண்சுவர் அடியிலிருந்து விளிம்பு வரை அடுப்புக்குள் இருப்பது போலக் கறுத்திருந்தது. குழியின் தரையில் ஒரு கொலுசு. அகல் விளக்கு இரண்டாக உடைந்திருந்தது.

அருணகிரி ஒரு தடவை தோரணத்தைப் பார்த்தார், ஒரு தடவை குழியைப் பார்த்தார்.

“இது ஒனக்கு முன்னாலியே தெரியுமா?”

“தெரியும்ணா.”

“இங்க ரொப்புறது?”

“ஊருக்குப் போற அன்னிக்கு பாத்தேன்.”

“ஜெயக்குமாராண்ட சொன்னியா?”

சதீஷ் குழிக்குள் இறங்கி அந்தக் கொலுசை எடுத்தான். மேலே ஏறி வரும்போதும் அவர் பதிலுக்காகவே நின்றிருந்தார். அவன் தலையசைத்தான். இல்லை என்று.

தெருவில் சிலிண்டர்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. அதை மட்டும் நின்று பார்த்துவிட்டு, துணிப்பையோடு அவன் பஸ் ஏறினான். வேலூர் போய்ச் சேருவதற்குள் செய்தி அவனுக்கு முன்னால் போய்விட்டது. எல்லோர் கையிலும் செல்போன் வந்துவிட்ட காலம் அது.

ஜெயக்குமார் வார்டு வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். கத்துவான், அடிப்பான் என்றுகூடச் சதீஷ் எதிர்பார்த்து வந்திருந்தான். அப்படி எதுவும் நடக்கவில்லை.

“வாங்க சதீஷ்,” என்றான். “உக்காருங்க.”

மச்சான் என்ற வார்த்தை போய்விட்டது. அந்த ‘ங்க’ போதும்.

“மாமா, நான் சொல்ல வந்தேன்…”

“எனக்கு தெரியாது. நான் வண்டி ஓட்டுறவன். கேஸு மேல போவுமா கீழ போவுமான்னு நான் இன்னாத்த கண்டேன்? ஓட்ட எடுத்துட்டு, இந்த ரெண்டு மாசமா என் பொஞ்சாதிய நிம்மதியா அந்தக் குழியில உக்கார வெச்சேன். நிம்மதியா.” அவன் தன் கைக்கட்டைப் பார்த்துக்கொண்டான். “உங்களுக்கு தெரிஞ்சிது. நீங்க பஸ்ஸு ஏறிப் போயிட்டீங்க.”

காவ்யா பிளாஸ்கை எடுத்துக்கொண்டு வார்டிலிருந்து வெளியே வந்தாள். அவனைத் தாண்டிப் படியிறங்கிப் போனாள். காபி வாங்கப் போகிறவள் எப்போதும் யாருக்கெல்லாம் வேண்டும் என்று கேட்டுவிட்டுப் போவாள். அன்று கேட்கவில்லை. தையைப் பற்றி ஜெயக்குமாரும் எதுவும் சொல்லவில்லை. சதீஷும் கேட்கவில்லை. அது முடிந்துபோனது என்று இரண்டு பேருக்கும் தெரிந்தது.

உள்ளே திலகவதி கண்ணை மூடிப் படுத்திருந்தாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்து, கொலுசைத் தலையணைக்கு அடியில் வைத்தான்.

“வந்துட்டியா?” என்றாள், கண்ணைத் திறக்காமலே.

“அக்கா…”

“அன்னிக்கு படியில எறங்கி நின்ன. திரும்பி என்ன பாத்த. எதையாவது மறந்துட்டியான்னு கேட்டேன்.”

“ஆமாக்கா.”

“மாமாவாண்ட சொல்ல பயம். சரி. கல்யாணம் தவறிப்பூடும்னு பயம். அதுவும் சரி. என்னாண்ட இன்னாடா பயம்? குழியில உக்காராத அக்கான்னு ஒரு வார்த்த. ஏன் எதுக்குன்னுகூட கேட்டிருக்க மாட்டேனே.”

சதீஷ் கட்டுப்போட்ட அந்தக் கையைப் பிடிக்கலாமா என்று பார்த்து, பிடிக்காமல் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். நர்ஸ் வந்து பாட்டிலைப் பார்த்துவிட்டுப் போனாள். திலகவதி கண்ணைத் திறந்தாள்.

“பலூன் வுட்டு காட்டினியே, அதுலயும் இன்னாத்தையோ சொல்லாம வெச்சிருக்க, இல்ல?”

அவன் தலையாட்டினான்.

“இப்ப சொல்லு. முழுசா சொல்லு. நீ அங்க இன்னா பண்றேன்னு எனக்கு தெரியணும்.”

சதீஷ் சொன்னான். அந்தக் காற்றுக்கு வாசனையே கிடையாது. கசிந்தால் மூக்குக்குத் தெரியாது. மேலே வழி இருந்தால் சட்டென்று கலைந்துபோகும், அது உண்மை. ஆனால் வழி அடைத்திருந்தால் கூரையடியில் சேர்ந்துவிடும். சின்னப் பொறி போதும், பற்றிக்கொள்ள. பற்றினால் பகல் வெளிச்சத்தில் நெருப்பே கண்ணுக்குத் தெரியாது. பார்க்க ஒன்றும் இருக்காது, எரிந்துகொண்டிருக்கும். அந்த நெருப்பைக் கண்டுபிடிக்கக் கருவி இருக்கிறது. ஆனால் அது சில நாள் வேலை செய்யும், சில நாள் செய்யாது. செய்யாத நாளில் ஒரு நீளக் கம்பில் துடைப்பத்தைக் கட்டி, முன்னால் நீட்டிக்கொண்டே குழாயோரமாக நடப்பார்கள். துடைப்பம் எங்கே பற்றுகிறதோ அங்கே நெருப்பு இருக்கிறது என்று அர்த்தம். எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தால் பெட்ரோலைவிடப் பயம் குறைவு. ஒழுங்காகச் செய்ய வேண்டும்.

திலகவதி கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். அவன் முடித்ததும் முகத்தை அவன் பக்கம் திருப்பினாள்.

“அந்த தொடப்பத்த யாருடா புடிச்சிகினு போறது?”

வெளியே பெஞ்சில் ஜெயக்குமார் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. சதீஷ் தலையைக் குனிந்துகொண்டான்.

“நான்தான்க்கா,” என்றான்.